முள் நூற்றுப் பத்தில் நின்றது

இஞ்சாருங்கோ,

முப்பது வருசம் பெயர் சொல்லாமல் உங்களை இப்படித்தான், 'இங்கே பாருங்கோ' என்றுதான் கூப்பிட்டேன். இன்றைக்கும் வேறு மாதிரிக் கூப்பிட வாய் வரவில்லை. மகள் கனடாவிலிருந்து ஃபோன் எடுத்தாள். உங்கள் முதலாம் வருச ஆட்டைத் திவசத்துக்கு அங்கே ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கப் போகிறாளாம். "அம்மா, நீங்களும் அப்பாவுக்கு ஒண்டு எழுதித் தாங்கோ" என்றாள்.

மற்றவர்கள் எல்லாரும் நீங்கள் நல்லவர், வல்லவர், நாலு பேருக்கு உதவியவர் என்று எழுதியிருப்பார்கள். நானும் அதையே எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அதனால் நீங்கள் போன பிறகு நடந்த ஒன்றை எழுதுகிறேன். மலரை வாசிக்கிறவர்களும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். ஆட்களின் பெயரை மாற்றிவிட்டேன். எந்தப் பொலிஸ் நிலையம் என்று சொல்லமாட்டேன். நீங்கள் அங்கே இருந்துகொண்டு பயப்படத் தொடங்காதீர்கள்.

முதலில் வீட்டுப் புதினம். வெள்ளவத்தையில் அதே பிளாட்டில்தான் இருக்கிறேன். இரண்டாம் மாடி, பின்பக்கம் கடல், கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் றெயில் பாதை. றெயில் போகும்போது அலுமாரிக்குள் கிளாஸ்கள் இன்னும் கிடுகிடுக்கின்றன. கரையில் ஆமிக்காரரின் காவலரணுக்குப் புதிதாக மண்மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். நீங்கள் இருந்தபோது அந்தக் கடலில் கால் நனைக்க விடவில்லை. உங்கள் சாம்பலைக் கரைக்க மட்டும் ஐயரையும் குமரனையும் கொஞ்ச நேரம் போக விட்டார்கள். நான் பல்கணியில் நின்று பார்த்தேன். யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலுக்குப் போக வேண்டிய சாம்பல். யுத்தத்தில் பாதை பூட்டிக் கிடக்கும்போது நான் எங்கே கொண்டுபோவது?

குமரன் என்பவர் உங்கள் தம்பி என்று வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்களைவிட நன்றாக இளையவர். கலியாணம் கட்டாமல் எங்களோடேயே இருந்து, உங்களோடேயே வேலைக்குப் போய் வந்தவர். இந்தக் கதை அவரைப் பற்றியது. அவரைப் பற்றியது என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன்.

உங்கள் வேலையையும் சொல்ல வேண்டும். வடக்கே பருத்தித்துறையில் பிறந்து, மீன்பிடிப் படகு எஞ்சின்களோடு வளர்ந்த மனிதர் நீங்கள். கொழும்புக்கு வந்த பிறகு படகு எஞ்சின் என்றால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் மாட்டீர்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் பருத்தித்துறை, கையில் படகு எஞ்சின். இந்த யுத்த காலத்தில் அது இரண்டும் சேர்ந்தால் புலிக்குப் படகு திருத்துகிறவன் என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் இரத்மலானையில் ஒரு தகரக் கொட்டிலில் ஜெட்ஸ்கீ திருத்தும் வேலையைப் பிடித்தீர்கள். ஹோட்டல் கரைகளில் வெள்ளைக்காரர் ஏறி ஓடி விளையாடுகிற, தண்ணீரில் போகிற மோட்டார் சைக்கிள். நாடு எரிந்துகொண்டிருந்தாலும் அவர்கள் வந்து விளையாடத்தான் செய்தார்கள். "விளையாட்டுச் சாமானுக்கு ஆர் வழக்குப் போடப் போறான்?" என்று கேட்டீர்கள்.

நான் அப்போதும் உங்களைப் பரிகசித்தேன். தபால்காரனுக்கும் "சேர்" போடுகிற மனிதர் நீங்கள். கொழும்பில் இருக்கத் தமிழர் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டின் பிரதியைச் சட்டைப் பையில் ஒன்று, காற்சட்டைப் பையில் ஒன்று, சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒன்று என்று வைத்துக்கொண்டு வேலைக்குப் போவீர்கள். வானொலியில் தமிழ்ச் செய்தி தொடங்கினால் எழும்பிப்போய்ச் சத்தத்தைக் குறைப்பீர்கள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு முதுகெலும்பு எண்டு ஒண்டு இருக்கோ?"

"இருக்கு. இருக்கிறபடியாத்தான் குனியேக்க நோகுது" என்றீர்கள். பிறகு தேத்தண்ணி கேட்டீர்கள்.

பின்னேரங்களில் எங்கள் குசினி மேசை உங்கள் பட்டறையாகிவிடும். ஜெட்ஸ்கீயின் எஞ்சினில் இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் மேலே மூடி மாதிரி ஒரு ஹெட். அந்த ஹெட்டின் உட்பக்கத்தில் கிண்ணம் போல ஒரு குழி. பிஸ்டன் மேலே வரும்போது பெற்றோலும் காற்றும் அந்தக் குழிக்குள் நசுங்கும். குழி சின்னதென்றால் நசுக்கம் கூட, எஞ்சின் பாயும். குழி பெரிதென்றால் நசுக்கம் குறைவு, எஞ்சின் சோம்பல் பிடிக்கும். அந்த நசுக்கத்தைத்தான் கொம்பிரஷன் என்பீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் எஞ்சின் நடுங்கும், கொஞ்ச நாளில் பிஸ்டனில் ஓட்டை விழும்.

குழியின் அளவை அறிய, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, மேலே ஓட்டை போட்ட ஒரு கண்ணாடித் துண்டைக் கிறீஸ் பூசி ஒட்டி, சிரிஞ்சால் எண்ணெய் விட்டு நிரப்புவோம். எவ்வளவு எண்ணெய் போனதோ அவ்வளவுதான் குழி. உங்கள் கண்ணுக்குச் சிரிஞ்சின் கோடு தெரியாமல் போய்விட்டது. நான் ஆஸ்பத்திரியில் நேர்சாக இருந்தவள், ஊசி மருந்து அளந்து பழகிய கண். அதனால் வாசிப்பது என் வேலை. பாதி அளக்கும்போது றெயில் வந்தால் எண்ணெய் ஆடும். நீங்கள் கையை உயர்த்துவீர்கள். நாங்கள் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, காலிக்குப் போகும் றெயில் முழுக்கப் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்போம். முப்பது வருசத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அளந்து முடிந்த பிறகு சுரண்டத் தொடங்குவீர்கள். வளைந்த சுரண்டியால் கொஞ்சம், பிறகு அரத்தாளால் கொஞ்சம். மேசையெல்லாம் வெள்ளிப் பொடி. "என்ன செய்யிறியள்?" என்றால், "கரி பிடிச்சிருக்கு, எடுக்கிறன்" என்பீர்கள். திரும்பவும் அளப்போம். "முந்தியிலும் பாக்கக் கூட எண்ணெய் போகுதே" என்று ஒருநாள் நான் சொன்னேன். "போகட்டும்" என்றீர்கள். நானும் பேசாமல் விட்டேன். இரண்டும் ஒரே அளவாக இருக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. எவ்வளவு இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு சாப்பிட்டுவிட்டுப் பல்கணிக் கதிரையில் சாய்ந்தீர்கள். அவ்வளவுதான். இந்தக் காலத்தில், இந்த ஊரில், ஒரு தமிழ் ஆம்பிளை தன் கதிரையில் செத்தது பெரிய கொடுப்பினை என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அவர்களை அடிக்க வேண்டும் போல இருந்தது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

தெற்குக் கரையில் ஜெட்ஸ்கீ வாடகைக்கு விடுகிற சிங்கள முதலாளி நிமல் மாத்தயாவை, அதாவது நிமல் ஐயாவை, உங்களுக்கு நன்றாகத் தெரியும். "மற்றவங்கட எல்லாம் பறக்குது, என்ர மட்டும் தவழுது, ஏன்?" என்று வருசம் தவறாமல் உங்களிடம் சிங்களத்தில் புலம்புகிறவர். நீங்களும் வருசம் தவறாமல் "பெற்றோல் சரியில்லை, மாத்தயா" என்று சொல்லி அனுப்புவீர்கள். அவருடைய ஒரு ஜெட்ஸ்கீயின் இரண்டு ஹெட்டில் ஒன்று உப்பில் அரித்துப்போய்விட்டது. எங்கேயோ ஒரு பழைய ஹெட்டை வாங்கிக் குமரனிடம் கொடுத்தார். ஆணி ஓட்டைகள் எல்லாம் சரி. ஆனால் குழி சரியா என்று பார்க்க வேண்டும். அளக்கிற கண்ணாடித் துண்டு வீட்டில், வாசிக்கிற நானும் வீட்டில். அதனால் குமரன், அரிக்காமல் இருந்த மற்ற ஹெட்டையும், எங்களுக்குப் புதிதான இந்த ஹெட்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

தெஹிவளைச் சந்தியில் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். பையில் என்ன இருந்தது என்று யோசியுங்கள். அலுமினியக் கட்டி இரண்டு, நசுக்கம் அளக்கிற, முள் வைத்த ஒரு கேஜ், புதிதாக வாங்கிய ஒரு சிரிஞ்ச், ஒரு சுருள் ஈயக் கம்பி. அடையாள அட்டையில் பருத்தித்துறை. "மே மொக்கத?" என்று கேட்டிருக்கிறார்கள், இது என்ன என்று. ஜெட்ஸ்கீ என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்களோ என்னவோ. ஆனால் கடலில் ஓடுகிற எதுவும் உங்கள் ஊராருக்குப் படகுதானே! உங்கள் தம்பி, பொய் சொல்லத் தெரியாத அந்த மடையன், "போட் எஞ்சின்" என்றிருக்கிறார்.

அன்று பின்னேரம் கீழ்வீட்டுப் பாத்திமா ராத்தாதான் செய்தி கொண்டுவந்தா. அவவின் மகன் அதே பஸ்ஸில் வந்திருக்கிறான். நான் கதவைப் பூட்டிவிட்டு நேரே பொலிஸுக்குப் போனேன். உங்களைப் போலக் குழைய எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் இளம் ஆள். மரியாதையாகத்தான் கதிரை தந்தார். நான் எல்லாம் விளக்கினேன். குழி எப்படி அளப்பது, எண்ணெய் ஏன் விடுவது, ஈயக் கம்பியைப் பிளக் ஓட்டைக்குள் விட்டு நசுக்கி இடைவெளி பார்ப்பது எப்படி என்று என் ஓட்டைச் சிங்களத்தில் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய முகம் மாறிக்கொண்டே போனது. முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்?"

அப்போதுதான் எனக்குத் தலையில் உறைத்தது. நான் தம்பியை வெளியே எடுக்கவில்லை, நானும் உள்ளே போய்க்கொண்டிருந்தேன். என் அடையாள அட்டையை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். கூப்பிடும்போது வர வேண்டும், அதுவரை கொழும்பை விட்டு வெளிக்கிடக்கூடாது என்றார்.

கொழும்பை விட்டா? ஒழுங்கை முனையைக்கூட என்னால் தாண்ட முடியவில்லை. அங்கே எந்த நேரமும் இரண்டு பேர் நிற்பார்கள், அட்டை இல்லாமல் போய் மாட்டினால் பிறகு என்னைத் தேட ஒருவரும் இல்லை. பாத்திமா ராத்தாதான் மரக்கறி வாங்கித் தந்தா. "பயப்படாதீங்க தங்கச்சி, அல்லாஹ் இரிக்கிறான்" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்த் தன் கதவை இரண்டு தரம் பூட்டுவா. முன்பக்கம் ஒழுங்கை, பின்பக்கம் கடல். குசினிக்கும் பல்கணிக்கும் நடந்தேன். மகள் ஃபோனில் அழுதாள், "வெளிக்கிட்டு இஞ்ச வாங்கோ அம்மா" என்று. அடையாள அட்டை இல்லாதவளுக்கு எந்தக் கனடா?

நீங்கள் ஏன் அந்தப் பல்கணிக் கதிரையிலேயே இருந்தீர்கள் என்று அப்போது விளங்கியது. கடல் பார்க்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். பல்கணியின் அந்த மூலையிலிருந்து வீடுகளுக்கு நடுவே ஒழுங்கையின் முனையும் தெரிகிறது. ஆர் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

நான் நிமல் மாத்தயாவுக்கு ஃபோன் எடுத்தேன். ஹெட் இரண்டும் என்னுடையவை என்று அவர் வந்து ஒரு சொல் சொன்னால் போதும். முதல் தரம் "பார்ப்போம் அக்கே" என்றார். இரண்டாம் தரம் ஃபோனை மனைவி எடுத்து, அவர் வீட்டில் இல்லை என்றா. பின்னால் அவர் இருமுகிற சத்தம் கேட்டது. அவரைக் குறை சொல்லமாட்டேன். தமிழனுக்கு ஏன் வேலை கொடுத்தாய் என்று கேட்டால் அவருக்கும் பதில் இல்லை. மூன்றாம் தரம் எடுத்தபோது நான் கெஞ்சவில்லை. "மாத்தயா, உங்கட கரையில தமிழன் ஒருத்தன் இவ்வளவு காலம் வேலை செய்தவன். ஒருக்காவது உங்களுக்குப் பொய்யா நடந்தவனோ?" என்று மட்டும் கேட்டேன். அந்தப் பக்கம் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் வாறன்" என்றார்.

அவர் போய்ச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் ஒரு நிபந்தனை போட்டார். ஜெட்ஸ்கீயைப் பொலிஸ் முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிடிபட்டவனே இரண்டு ஹெட்டையும் அதில் பூட்ட வேண்டும். நேவியிலிருந்து எஞ்சின் தெரிந்த ஒருவர் வந்து பார்ப்பார். இரண்டும் ஒரே மெசினுடையது என்று அவர் சொன்னால் விடுதலை. ஒன்று பொருந்தி மற்றது பொருந்தவில்லை என்றால், அந்த மற்றது எந்தப் படகுக்கு என்று குமரன் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?

வீட்டில் அந்த வேலைக்குரிய சாமான் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார்கள். நான் கண்ணாடித் துண்டையும், ஹெட்டுக்கு அடியில் வைக்கிற மெல்லிய செம்புத் தகடான கேஸ்கட்டுகளை நீங்கள் போட்டுவைத்த பழைய பால்மாத் தகர ரின்னையும் எடுத்துக்கொண்டேன். நிமல் மாத்தயாவே லொறியில் ஜெட்ஸ்கீயை ஏற்றிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்து என்னைக் கூட்டிப்போனார். அவர் லொறிக் கண்ணாடியை இறக்கி இரண்டு வார்த்தை பேசினால் சாவடி எல்லாம் திறந்தது. அதே வீதிதான், வேறு வீதி மாதிரி இருந்தது.

குமரனை வெளியே கொண்டுவந்தார்கள். என்னைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, உங்கள் அம்மாவின் முகம் அப்படியே வந்திருந்தது. "சாப்பிட்டனீரோ தம்பி?" என்று கேட்டேன். "ஓம் அண்ணி" என்றார். உடனே ஒரு பொலிஸ்காரன் தமிழில் கதைக்கக் கூடாது என்று சத்தம் போட்டான். அதோடு எங்கள் கதை முடிந்தது.

கைவிலங்கைக் கழற்றி, ஆணி முறுக்குகிற சாவியைக் கையில் கொடுத்தார்கள். ஒரு பக்கத்துக்கு நீங்கள் பார்த்த ஹெட். மற்றப் பக்கத்துக்குப் புதிதாக வாங்கியது. ஆணி எல்லாம் சுகமாக இறங்கின. நிமல் மாத்தயாவின் முகம் தெளிந்தது. என்னுடையது தெளியவில்லை. இந்தப் புது ஹெட்டின் குழியை நாங்கள் அளக்கவில்லையே. அதை அளக்கக் கொண்டுவந்துதானே இவ்வளவும்!

நேவிக்காரர் தலை நரைத்தவர், அதிகம் பேசவில்லை. கேஜை வாங்கிப் புது ஹெட்டின் பக்கம் செருகி, எஞ்சினைச் சுழற்றச் சொன்னார். முள் எழும்பி நூற்றைம்பதில் நின்றது. "ஹரி, சரி. புத்தகத்தில் இருக்கிற அளவு" என்றார். பிறகு உங்களுடைய பக்கம். முள் எழும்பியது, எழும்பியது, நூற்றுப் பத்தில் நின்றுவிட்டது. திரும்பவும் சுழற்றினார்கள். நூற்றுப் பத்து.

"இரண்டும் இரண்டு" என்றார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

இஞ்சாருங்கோ, அந்த இடத்தில் எனக்கு என்ன விளங்கியது தெரியுமா? பிழையான ஹெட் புதிது இல்லை. உங்களுடையது. குசினி மேசையில் சுரண்டிச் சுரண்டி நீங்கள் எடுத்தது கரி இல்லை. குழியைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தீர்கள். நிமல் மாத்தயாவின் ஜெட்ஸ்கீ தவழுவதற்குப் பெற்றோல் காரணம் இல்லை. உங்கள் கையால் போன அத்தனை எஞ்சினையும் நீங்களே மெலிய வைத்தீர்கள், நான் பக்கத்தில் இருந்து சிரிஞ்சை வாசித்துக்கொடுத்தேன்.

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். செத்த மனிதர் மேலே கோபப்பட்டு என்ன செய்ய? நான் பால்மா ரின்னைத் திறந்து, செம்புக் கேஸ்கட் இரண்டை எடுத்துக் குமரனின் உள்ளங்கையில் வைத்தேன். புது ஹெட்டைக் கண்ணால் காட்டினேன். அவருக்கு உடனே விளங்கியது. ஹெட்டை அந்தத் தடிப்புக்கு உயர்த்தினால் உள்ளே இடம் கூடும், நசுக்கம் குறையும். "இதைப் போடாவிட்டால் தண்ணி ஒழுகும், சேர்" என்று நான் இன்ஸ்பெக்டருக்குச் சிங்களத்தில் பொய் சொன்னேன். முதல் தரம் உண்மை சொல்லி என்ன கண்டேன்?

கழற்றிப் போட்டுப் பூட்டினார். முள் நூற்றிருபதுக்கு வந்தது. இன்னொன்றை எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் இன்ஸ்பெக்டரே ஆசை பிடித்துக் கேஜைக் கையில் வாங்கிக்கொண்டார், சின்னப் பிள்ளை மாதிரி எண்ணைச் சத்தமாக வாசித்தார். நூற்றுப் பத்து. மற்றப் பக்கமும் நூற்றுப் பத்து. "தென் ஹரி நேத?" என்று நேவிக்காரரைக் கேட்டார், இப்போது சரிதானே என்று.

நேவிக்காரர் கேஸ்கட்டை எண்ணிக்கொண்டுதான் நின்றிருக்கிறார். உங்களுடைய ஹெட்டைத் திரும்பக் கழற்றச் சொல்லி, குழிக்குள் பெருவிரலை ஓட்டிப் பார்த்தார். சுரண்டிய தடம் அவருடைய விரலுக்குத் தெரியாமல் இருக்குமா? என்னிடம் திரும்பினார்.

"இதை வெட்டினது யார்?"

"என் கணவர்."

"நல்ல கை. ஏன் வெட்டினார்?"

என்ன சொல்ல? நசுக்கத்தைக் குறைக்கத் தெரிந்தவனுக்கு அதைக் கூட்டி வேகப் படகு ஓட வைக்கவும் தெரியும். அதை அந்த மனிதர் நினைத்தால் குமரன் முடிந்தார். பெற்றோல் சரியில்லை என்று சொல்லலாம், அவர் நம்பமாட்டார். குமரனின் கை சாவியை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் யோசிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எயா பய மினிஹெக், சேர்."

அவர் பயந்த மனிதர் என்று சொன்னேன். பொலிஸ் முற்றத்தில், அத்தனை பேருக்கு முன்னால், உங்களைப் பற்றி அப்படிச் சொன்னேன். பிறகு நிறுத்த முடியவில்லை. வேகமாக ஓடினால் ஆராவது வந்து கேட்பார்கள் என்று பயம், சேர். தமிழன் கை பட்ட எஞ்சின் பறக்குது என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்று பயம். அதனால் தொட்ட எல்லாவற்றையும் மெதுவாக ஓடப் பண்ணினார். எனக்கும் சொல்லவில்லை. தபால்காரனைக்கூட சேர் என்றுதான் கூப்பிடுவார். இதெல்லாம் என் ஓட்டைச் சிங்களத்தில், மூக்கும் கண்ணும் வழிய.

நேவிக்காரர் உங்கள் ஹெட்டைத் துணியால் துடைத்துக் குமரனிடம் கொடுத்து, பூட்டச் சொன்னார். தோட்டத்துக் குழாயை இழுத்து எஞ்சினுக்குத் தண்ணீர் விட்டு இயக்கினார்கள். நடுக்கமில்லாமல் ஓடியது. நீலப் புகை பொலிஸ் நிலையம் முழுக்கப் பரவியது. அவர் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். "ஒரே மெசின்தான்" என்றார் இன்ஸ்பெக்டரிடம். "இதில் ஏறினால் ஒரு வாத்தைக்கூடத் துரத்திப் பிடிக்க முடியாது. ஆளை விடுங்கள்."

எல்லாரும் சிரித்தார்கள். நிமல் மாத்தயாகூடச் சிரித்தார். உங்களை நினைத்துத்தான் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அந்த மனிதரின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. நான் இரண்டும் செய்யாமல் ரின்னின் மூடியைப் பூட்டினேன்.

அன்று பின்னேரம் குமரனை விட்டார்கள். என் அட்டையும் வந்தது. லொறியில் வரும்போது நிமல் மாத்தயாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், இவ்வளவு காலம் உங்கள் ஜெட்ஸ்கீயை இப்படிச் செய்துவிட்டார் என்று. அவர் வீதியைப் பார்த்தபடி, "ஹெமின் திவ்வட்ட கமக் நே, அக்கே" என்றார். மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை. கேஸ்கட்டையும் கழற்றவில்லை. இன்றைக்கும் அப்படியே ஓடுகிறது.

விட்டுவிட்டார்கள் என்றால் முழுக்க விட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. குமரன் கிழமைக்கு ஒருதரம் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். எஞ்சின் எதையும் தொடக்கூடாது. காலி வீதியில் ஒரு பலசரக்குக் கடையில் பருப்பு நிறுக்கிறார். அடையாள அட்டையின் பிரதியைச் சட்டைப் பையில் ஒன்று, சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒன்று வைத்துக்கொண்டு போகிறார். பின்னேரம் வந்து உங்கள் பல்கணிக் கதிரையில் இருக்கிறார். அவருடைய முகமும் ஒழுங்கைப் பக்கம் திரும்பிவிட்டது. உங்களைப் பரிகசித்த வாய்க்கு அவரைப் பரிகசிக்க மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்கு ஏன் சொல்லவில்லை? ஒரே மேசையில் இருந்து, ஒரே றெயிலுக்கு மூச்சடக்கின ஆட்கள்தானே நாங்கள்? சொல்லியிருந்தால் நான் ஏசியிருப்பேன், அது உண்மை. ஒரு நல்ல எஞ்சினைக் கெடுக்கிறபோது உங்கள் கைக்கு எப்படி இருந்தது? அதுவும் உங்கள் கைக்கு? நேவிக்காரர் ஒரு விரலை ஓட்டிப் பார்த்து "நல்ல கை" என்றார். எனக்கு அதைச் சொல்ல இவ்வளவு காலம் தோன்றவில்லையே.

நீங்கள் செய்தது சரி என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். உங்கள் பயம் உங்கள் தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதையும் இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கரையில் ஆரையும் கேட்காமல் கால் நனைக்கிற ஒரு நாள் வரும். வந்தவுடன் குமரனைக் கூட்டிக்கொண்டு நிமல் மாத்தயாவின் கரைக்குப் போவேன். உங்கள் ஹெட்டைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வருவேன், அது எனக்கு. வெட்டாத ஹெட் ஒன்றை அந்தப் பக்கம் போட்டு, கேஸ்கட் எல்லாம் எடுத்து, இரண்டு பக்கமும் முள் நூற்றைம்பதில் நிற்கிறதா என்று நானே பார்ப்பேன். பிறகு சேலையைச் சொருகிக்கொண்டு ஏறி இருப்பேன். உங்கள் சாம்பல் கரைந்த தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே வரைக்கும் முழு வேகத்தில் விடச் சொல்வேன். நீங்கள் "மெதுவா, மெதுவா" என்று எவ்வளவு கத்தினாலும் அன்றைக்கு எனக்குக் காது கேட்காது.

அதுவரைக்கும் முள் நூற்றுப் பத்திலேயே நிற்கட்டும்.

நீங்கள் என்னைக் கூப்பிட்ட அதே பெயரில்,
உங்கள் இஞ்சாரும்